ஒரு மீட்டர் மண்

நடைபாதையில் கல் பதிக்கும்போது, மரம் இருந்தால் அதன் அடியைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணை மூடாமல் விட வேண்டும். இதுதான் விதி. எங்கள் தெருவில் யாரும் அதை மீறவில்லை. மரமே இல்லாததால் வீட்டுச் சுவர்வரை சிமென்ட் கல்லைப் பதித்துவிட்டார்கள். கல் இருப்பதால் மரம் நட இடமில்லை; மரம் இல்லாததால் கல்லை எடுக்க விதியில்லை. அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு பார்த்த எனக்கே இதன் கச்சிதம் பிடித்திருந்தது.

பதினாறு இடங்களில் கல்லைப் பெயர்த்துப் புங்கன் நட அனுமதி கேட்டு விண்ணப்பித்தேன். கையெழுத்து என்னுடையது, தேவை எதிர்வீட்டு அம்மாவுடையது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். பனியன் கட்டுகளை வாங்கிவந்து பிசிறு வெட்டும் வேலை. குடியிருக்கும் ஒற்றை அறைக்குத் தகரக் கூரை. உள்ளே உட்கார முடியாது. வாசலில் உட்கார்ந்தால் கல் கொதிக்கும். அந்தச் சித்திரையில் மடியில் பனியனோடு மயங்கிச் சரிந்தார்.

"இன்னொரு கோடைய இங்க தாங்க மாட்டேன் அண்ணாச்சி. ஊருக்கே போயிருதேன்" என்றார். ஊரில் அவருக்கு வேலை இல்லை.

பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன், பிறகு நினைவூட்டலுக்கு ஒரு நினைவூட்டல். தெருமுனைப் பனியன் கம்பெனி முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, எடுத்ததும் பதினாறு கேட்டா எவனுங்க குடுப்பான்? மொதல்ல ஒரு சாம்பிள் வெச்சுக் காட்டோணும். அப்ரூவல் ஆச்சுன்னா பல்க் போட்டுக்கலாமுங்க."

அவரே அந்த அம்மாவின் வாசலில் நாலு கல்லைப் பெயர்த்து ஒரு கன்றை நட்டார். அவருடைய மேனேஜர், எல்லா சாம்பிளுக்கும் செய்வதுபோல, அதற்கும் அட்டை கட்டினார்: ஸ்டைல் நம்பர், கலர் பச்சை, சைஸ் ஸ்மால்.

மறுமாதம், நன்றாக இருந்த கல்லை எடுத்துவிட்டுப் புதுக்கல் பதிக்க ஆட்கள் வந்தார்கள். கன்றைப் பிடுங்கக் குனிந்த மேஸ்திரி அட்டையைப் பார்த்து நிமிர்ந்தார்.

"நம்பர் போட்டிருக்குது. கவர்மென்ட் மரமுங்களா?"

"நம்பர் இருக்கிறது" என்றேன். கேட்டதற்கு மேல் சொல்வது என் பழக்கமில்லை.

நாடாவை எடுத்து, சுற்றிலும் ஒரு மீட்டர் அளந்துவிட்டார். விதி அன்றுதான் எங்கள் தெருவுக்கு வந்தது.

ஆட்கள் டீ குடிக்கப் போனதும் அந்த அம்மா கம்பெனிக்கு ஓடி, ஒரு கற்றை அட்டை வாங்கிவந்தார். கல் பெயர்த்த மண்ணில் பதினைந்து குச்சிகளை ஊன்றி, ஒவ்வொன்றிலும் அட்டையைக் கட்டினார். அவற்றில் மூன்று, தென்னந்துடைப்பத்திலிருந்து உருவியவை.

மேஸ்திரி திரும்பிவந்து தலையைச் சொறிந்தார். "இத்தன இருந்துச்சுங்களா?"

"அதுக்கு மட்டும் அளந்திய, இதுக என்ன பாவம் செஞ்சுச்சு?" என்றார் அந்த அம்மா.

துடைப்பக் குச்சிக்கும் ஒரு மீட்டர் விட்டார்.

அவர்கள் போனபின் குச்சிகளைப் பிடுங்கிக் கன்றுகளை வைத்தோம். அந்த அம்மா ஊருக்குப் போகவில்லை. பதினாறுக்கும் குடத்தில் தண்ணீர் சுமந்தார். மூன்றாவது கோடையில் அவர் வாசல் புங்கன் கூரையைத் தொட்டது. கட்டுகளை அதனடியில் இறக்கிக்கொண்டார்.

பிறகு தபாலில் பதில் வந்தது. புங்கனடியில் நின்று அவருக்கு வாசித்துக் காட்டினேன்: "மேற்படி தெருவில் ஏற்கெனவே பதினாறு மரங்கள் உள்ளமையால், மரம் நட இடமில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது."

அவர் பிசிறிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தள்ளி நின்னு வாசிங்க அண்ணாச்சி, வெளிச்சத்த மறைக்கிய."

அன்று ஆடிப் பதினெட்டு, கன்று நட நல்ல நாள்.