அரசாணிக்காய்க்கு யார் கத்தி வைப்பது?

இந்த நாட்டுக்கு வந்த முதல் அக்டோபரில், பேருந்து நிறுத்தத்தில் இளம்பெண் ஒருத்தி குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வண்டிக்குள் கம்பளி போர்த்தி, வார் மாட்டி, ஒரு பெரிய அரசாணிக்காய் உட்கார்ந்திருந்தது. வண்டியில் இருக்கவேண்டிய குழந்தையோ மூக்கு ஒழுகப் பக்கத்தில் நடந்து வந்தது. குனிந்து குழந்தையைக் கொஞ்சுவதா, காயைக் கொஞ்சுவதா என்று தெரியாமல் நின்றேன். அவளே காயைக் காட்டி, அழகாக இருக்கிறதல்லவா என்றாள். எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டேன். குழம்புக்குக் கேட்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அழுகிப்போகும்வரை வாசலில் இருக்கும் என்று சந்தோஷமாகச் சொன்னாள். அன்றைக்குத்தான் இந்த ஊரின் மீது எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

அரசாணிக்காய் என்றால் வேறொன்றுமில்லை, உங்களில் பலர் பரங்கி என்றும் சர்க்கரைப் பூசணி என்றும் சொல்வதுதான். பாலக்காட்டுக்குக் கிழக்கே, முதலமடைப் பக்கம், எங்கள் மாந்தோப்பில் மர வரிசைகளுக்கு நடுவே அது பாட்டுக்குப் படர்ந்து கிடக்கும். இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் என்று நான் இருக்கும் பகுதியும் எங்களூர் போலவே தட்டையான விவசாய பூமிதான். மா இல்லை, பனை இல்லை, வெயில் இல்லை, மற்றபடி அப்படியே. இங்கே ஏக்கர் கணக்கில் அரசாணி போடுகிறார்கள். அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் வரும்போது, காயின் வயிற்றைச் சுரண்டி எறிந்துவிட்டு, தோலில் கண்ணும் வாயும் கீறி, உள்ளே விளக்கு வைத்து வாசலில் உட்கார வைக்கிறார்கள். யாரும் ஒரு துண்டு வாயில் வைப்பதில்லை. காட்டுக்கு, அதாவது அரசாணி விளையும் தோட்டத்துக்குப் போய், காய் பொறுக்கிக் கீறுவதை ஆணும் பெண்ணும் ஜோடியாகச் செய்தால் அதற்கு 'டேட்' என்று பெயர். அப்படி ஒரு டேட்டுக்கு நானும் போனேன். சொல்லவந்த கதை அதுதான்.

கூட வந்தவர் சகாயம். வண்டிப்பெரியார்க்காரர். தேயிலை எஸ்டேட்டில் கூலிக் குடும்பங்கள் வரிசையாக இருக்கும் லயத்தில் பிறந்து, இங்கே பார்சல் வேன் ஓட்டுகிறார். நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். படிப்பு குறைவு, வாய் அதிகம். என் ஆங்கிலம் முழுக்க அங்கிருக்கும் கிழவிகளிடம் பொறுக்கியது என்பதால், எண்பது வயசுக்காரி மாதிரி பேசுகிறேன் என்று இங்குள்ள பிள்ளைகள் சிரிக்கும். நாங்கள் இருவரும் சந்தித்தது மலையாளிகளின் ஓண விருந்தில். பாயச வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆள், அடப் பிரதமன் தீர்ந்துபோனது தெரிந்ததும் வாய்க்குள் தமிழில் வைதார். அந்த வசவு எனக்குத் தெரிந்த வசவு.

எங்களைப் போன்றவர்களைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கேரளத்துக்குள் பிறந்த தமிழர்கள் நாங்கள். மலையாளிக்குப் பாண்டி, கோயமுத்தூர்க்காரருக்கு மலையாளத்தான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அப்படியே நின்று பழகியவர்கள். அதனால் சீமைக்கு வந்து மூன்றாவதாக ஒரு கால் தேவைப்பட்டபோது பெரிதாகத் தடுமாறவில்லை. ஆனால் அவர் ஊருக்கும் என் ஊருக்கும் ஊரிலேயே பழக்கமில்லை. நாங்கள் சந்தைக்குப் பொள்ளாச்சி போவோம், அவர்கள் குமுளி இறங்கிக் கம்பம் போவார்கள். நாங்கள் காடு வைத்திருக்கும், சாமி கும்பிடுகிற குடும்பம், அவர்கள் தேயிலைக் கொழுந்து கிள்ளிய, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். ஒரே மாநிலத்தில் முப்பது வருசம் இருந்தும் பார்க்காத ஆளை, நாலு கடல் தாண்டிப் பாயசம் தீர்ந்த இடத்தில் பார்த்தேன்.

சகாயத்துக்கு ஸ்காட்லாந்தில் நல்ல வேலை ஒன்று வந்திருந்தது. திங்கள்கிழமை பதில் சொல்லவேண்டும். போகட்டுமா, இருக்கட்டுமா என்று என்னிடம் கேட்டிருந்தார். பார்க்கலாமுங்க, பார்க்கலாமுங்க என்று நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். இருங்கள் என்று சொன்னால் அம்மாவிடமும் சொல்லியாக வேண்டும். கும்பளங்காய் திருடியவன் தோளைத் தடவிப் பார்த்தான் என்று மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு. அந்த வெண்பூசணியின் மேலிருக்கும் வெள்ளைச் சாம்பல் தோளில் ஒட்டியிருக்குமோ என்று திருடனுக்குத் தானாகவே கை போகுமாம். அம்மா வீடியோவில் வரும்போதெல்லாம் எனக்கும் கை தோளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமை காட்டுக்குக் கிளம்பும்போது சகாயம் வேனில் ஏறி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே, இன்றைக்கு ராத்திரிக்குள் சொல்லிவிடுங்கள் என்றார். சரி என்றேன். வேறு வழியில்லை.

காட்டில் ஆளுக்கொரு தள்ளுவண்டி கொடுத்தார்கள். சகாயம் பெண் பார்க்க வந்தவர் மாதிரி காய்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். நல்ல உருண்டை, நல்ல நிறம், முகம் கீற வாகு. நான் என் வழக்கப்படி போனேன். காம்பு காய்ந்திருக்கிறதா, தட்டினால் உள்ளே இருந்து கனத்த சத்தம் வருகிறதா, தரையில் கிடந்த பக்கம் மஞ்சள் ஏறியிருக்கிறதா, நகம் வைத்தால் இறங்காமல் இருக்கிறதா. எங்கள் அப்பா மூட்டை மூட்டையாக இப்படித்தான் பிரிப்பார். நகம் இறங்கினால் அது பிஞ்சு, அதைச் சந்தைக்குக் கொண்டுபோனால் மானம் போகும் என்பார். நான் நகம் வைத்துப் பார்த்துக்கொண்டே போனதில் ஒரு வரிசை முழுக்கப் பிறை பிறையாகக் கீறல். தோட்டக்காரர் தூரத்திலிருந்து ஓடி வந்தார். இந்தப் பகுதியில் பிரியமாகக் கூப்பிட 'டக்' என்பார்கள். வாத்து என்று அர்த்தம், நாம் 'கண்ணு' என்பது போல. "வேண்டாம் டக், அவை விற்பனைக்கு" என்று கெஞ்சினார். சாப்பிட நன்றாயிருக்குமா என்று கேட்டேன். யாரைச் சாப்பிட என்பது போல் பார்த்தார். இதில் ருசியே கிடையாது, வெறும் தண்ணீர் என்றார். ருசியில்லாத காயை இத்தனை ஏக்கர் போட்டுவிட்டு இந்த மனுசன் எப்படி நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நினைத்தேன். கடைசியில், கோணலாய், சப்பையாய், பொதி மாதிரி கனத்த ஒன்றை நான் தூக்கினேன். சகாயம் தன் அழகியைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கு முகம் ஏற்கனவே இருக்கு, நம்ம கீற வேண்டாம்" என்றார். சொன்னாரே தவிர, என் காயைத்தான் வண்டியில் ஏற்றினார்.

கொட்டகைக்குள் நீள மேசைகள், ஜோடி ஜோடியாக ஆட்கள், நடுவில் கத்திகள். சகாயம் ஒரு கத்தியை எடுத்து என் பக்கம் மரியாதையாக நீட்டினார். இங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்தில் முழு அரசாணிக்காய்க்குப் பெண் முதல் கத்தி வைக்கமாட்டாள். வீட்டு ஆம்பளை ஒரு கீற்று வைத்துக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அறுத்து, தோல் சீவி, ஆக்கி, அவனுக்கே போட்டு, பாத்திரம் கழுவுவது வரை எல்லாம் பெண்தான். அது ஒரு பலி மாதிரி, அதனால் என்பார்கள். ஏன் என்று மேலே கேட்டால், வாயை மூடு என்பார்கள். ஒருமுறை அப்பா மாங்காய் லாரியோடு வெளியூர் போய் வரத் தாமதமானது. சமையலறையில் அரசாணிக்காய் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்க, நாங்கள் நாள் தவறாமல் ரசம் சாப்பிட்டோம். கடைசியில், வேற்று ஆம்பளையானாலும் போதும் என்று, கரண்டு மீட்டர் பார்க்க வந்த மலையாளியை அம்மா உள்ளே கூப்பிட்டு, கையில் அரிவாளைக் கொடுத்தாள். அந்த ஆள் கரண்டு கட்டணத்தில் ஏதோ கோபம் என்று நினைத்து வாசலுக்கே போய்விட்டார். இதெல்லாம் சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் புத்தி சிரித்தால் கை கேட்டுவிடுமா? கத்தியை வாங்கவே மாட்டேன் என்றது.

சகாயத்தை வைக்கச் சொல்லலாம்தான். ஆனால் 'வீட்டு ஆம்பளை' என்று ஒரு வார்த்தை இருக்கிறதே. அவர் கத்தி வைத்தால் அவர் யாரென்று ஆகிவிடும்? ராத்திரிவரை தவணை வாங்கிய பதிலைப் பட்டப்பகலில் ஒரு காய் என்னிடமிருந்து பிடுங்கப் பார்த்தது. எழுந்துபோய்த் தோட்டக்காரரிடம் காயை நீட்டி, நீங்கள் முதலில் வெட்டுங்கள் என்றேன். பயப்படாதே டக், கத்தி மொண்ணைதான் என்றார். பயமில்லை, ஆம்பளைதான் முதலில் வெட்டவேண்டும் என்றேன். அவர் முகம் மாறியது. என்னைப் பார்த்தார், தூரத்தில் உட்கார்ந்திருந்த சகாயத்தை ஒரு மாதிரி பார்த்தார், போய்த் தன் மனைவியைக் கூட்டிவந்தார். அந்த அம்மா நல்ல ஆகிருதி. என் தோளைப் பிடித்துக்கொண்டு, இந்த நாட்டில் நீ எதை வேண்டுமானாலும் வெட்டலாம், உன்னை யாரும் தடுக்க முடியாது என்றார். கண் கலங்கியிருந்தது. பக்கத்து மேசைக்காரர்களுக்கும் சேதி பரவி, எல்லோரும் கை தட்ட ஆரம்பித்தார்கள். இவ்வளவு பேர் சேர்ந்து என்னை விடுதலை செய்ய முன்வந்தது அதுதான் முதல் தடவை. கடைசியில் அந்த அம்மா, இதோ பார் நான் செய்து காட்டுகிறேன் என்று கத்தியை ஓங்கினார். நான் காயின் மேல் கவிழ்ந்து படுத்துக் கட்டிக்கொண்டேன்.

சகாயம் எழுந்து வந்தார். காது சிவந்திருந்தது.

"என்னத்துக்கு அந்தாளுகிட்டப் போய்க் கேட்டீக? இங்க நான் ஒருத்தன் உக்காந்திருக்கேம்ல. என்னையப் பாத்தா ஆம்பளையாத் தெரியலையா?"

காயைக் கட்டிப்பிடித்தபடியே சொன்னேன். "ஊட்டு ஆம்பளதான் வெக்கோணுமுங்க. அந்தாளு வெச்சா அது வெறும் வெட்டுங்க."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவர்கள் லயத்தில் இந்த வழக்கமெல்லாம் கிடையாது. அங்கே எல்லாவற்றையும் அம்மாதான் வெட்டுமாம், அப்பா கத்தி எடுத்தால் விரலைத்தான் வெட்டுவாராம். புரிந்ததும் கோபம் போய், ஜெபத்துக்கு நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

"அப்ப நான் வெக்கட்டுமா?"

சுற்றிலும் வெள்ளைக்காரர்கள், நடுவில் கோணல் காய், அதன்மேல் நான். சினிமாவில் மாதிரி சோளக்காட்டில் சொல்லியிருக்கலாம், தேயிலைச் சரிவில் சொல்லியிருக்கலாம். எழுந்து, ஸ்வெட்டரில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "வெய்யுங்க" என்றேன்.

சந்தோஷத்தில் மனுசன் கத்தியைப் பிடிவரை இறக்கிவிட்டார். பிறகு அது வரவில்லை. இழுத்தால் காயும் சேர்ந்து வந்தது. மேசைமேல் ஒரு காலை வைத்து இழுத்தார். கடைசியில் தோட்டக்காரர் மனைவிதான் ஒரு கையால் காயை அமுக்கி, ஒரு கையால் கத்தியை உருவிக் கொடுத்தார். கொடுக்கும்போது என்னைப் பார்த்து வருத்தமாகத் தலையாட்டினார். நான் அவரைக் கைவிட்டுவிட்டேன் என்று தெரிந்தது. சகாயம் மூச்சு வாங்கிக்கொண்டே, ஸ்காட்லாந்துக்காரன் வேற ஆளப் பாத்துக்கிடட்டும் என்றார். பிறகு நாங்கள் உட்கார்ந்து முகம் கீறினோம். புது வீட்டுக்குக் கண்ணேறு படாமல் மாட்டும் பொம்மை மாதிரி நான் பெரிய மீசை வைத்தேன். இது யார் என்று தோட்டக்காரர் கேட்டதற்கு, மாமனார் என்று சகாயம் பதில் சொல்ல, மேசைக்கடியில் ஒரு மிதி வாங்கினார். கீறி எடுத்த கண், மூக்கு, மீசை, வாய்த் துண்டுகளைக் குப்பைக் கூடையில் போடப் போனவரைத் தடுத்து, ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டேன். ருசியில்லை என்றால் வெல்லம் போட்டுக்கொள்ளலாம்.

சாயங்காலம் என் அறைக்கு வந்ததும், தெம்பு இறங்குவதற்குள் அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே ராச்சோறு முடிந்து சீரியல் ஓடும் நேரம். சகாயம் படத்துக்குள் வராமல் அடுப்போரம் ஒதுங்கி நின்றார். என்ன பேசி ஆரம்பிப்பது என்று தெரியாமல் காயைத் தூக்கிக் காட்டினேன். மீசையைப் பார்த்து அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். அம்மா மீசையைப் பார்க்கவில்லை.

"யாரு கண்ணு கத்தி வெச்சது?"

பெயர் சொன்னேன். சகாயம் என்ற பெயரிலேயே கோயிலா, சர்ச்சா என்பது தெரிந்துவிடும். அம்மா ரிமோட்டை எடுத்து சீரியலின் சத்தத்தை அடைத்தாள். எந்தூரு என்றாள். வண்டிப்பெரியார், தேக்கடிக்குக் கிட்ட என்றேன்.

"அத்தாந் தூரத்துலயா பாத்தே? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா போய் வர வேண்டாமா?"

இங்கிலாந்தில் நின்றுகொண்டு நான் அதற்கு என்ன சொல்வது? சத்தமில்லாத சீரியலின் வெளிச்சம் மட்டும் அவள் முகத்தில் மாறி மாறி அடித்தது. பிறகு காயைத் திரும்பவும் உற்றுப் பார்த்தாள்.

"ஒரே வெட்டா, ரெண்டு மூணா?"

"கத்தி மாட்டிக்கிச்சும்மா. ஒரு வெள்ளைக்காரம்மாதான் புடுங்கிக் குடுத்தாங்க."

அடுப்போரத்தில் சகாயம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தப் பையன் வயித்துக்கே திங்கறதில்லையாட்ட இருக்குது," என்றாள் அம்மா. "சோத்தப் போட்டு அனுப்பு. உங்கப்பாகிட்ட இப்போதைக்கு மூச்சு உடாத. நான் பாத்துக்கறேன்."

அரிசியைக் களைந்து வைத்தேன். சகாயம் காயை எடுத்துப்போய், உள்ளே விளக்கு வைத்து, எல்லா வீட்டுக்காரர்களையும் போல வாசற்படியில் உட்கார வைத்தார். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்து, அழகு என்றார்கள். சன்னல் வழியாகப் பார்த்தேன். அதன் முகம் குளிரில், இங்கிலாந்துத் தெருவைப் பார்த்தபடி இருந்தது. கண்ணும் மூக்கும் மீசையும் வாயும் உள்ளே என் வாணலியில், வெல்லமும் காய்ந்த மிளகாயும் சேர்ந்து, வெந்துகொண்டிருந்தன.