கூட்டம் கலைந்துவிடும் என்றார் அப்பா

சாயங்காலம் அப்பா வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அவர் சட்டையின் வாசம் நுழைந்துவிடும். ஜெராக்ஸ் மெஷினிலிருந்து சுடச்சுட வெளியே வரும் காகிதத்தின் வாசம் அது. வேங்கிக்காலில், அரசு அலுவலகங்களுக்கு எதிரே கடை வைத்திருந்தார். மனுவோடு வருகிறவர்கள் ரெண்டு நகல் எடுத்து முடிப்பதற்குள் தங்கள் ஊர், குலதெய்வம், மருமகளோடு போட்ட சண்டை எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்திருப்பார்கள். போகும்போது அவரும் சும்மா அனுப்பமாட்டார். "தீபத்துக்கு நம்ம வீட்டுக்கு வந்துடுங்க. மொட்டை மாடியில நின்னா மலை கைக்கு எட்டற மாதிரி இருக்கும்" என்பார். பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் கல்யாணமான புதிதில் அம்மா நினைத்தாளாம். அந்தக் கார்த்திகைக்கே பதினாறு பேர் வந்து நின்றார்கள்.

எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. தீபத்துக்கு முதல் நாளே கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து எங்கள் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்து, ஊர் எல்லையிலேயே இறக்கிவிடப்பட்டு, வேர்க்கடலை மூட்டையும் கைக்குழந்தையுமாக நடந்தே வந்து சேருவார்கள். கிரிவலத்தில் வழி தவறிய ஒரு சித்தூர்த் தம்பதியை ஒரு வருஷம் அப்பா கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அதிலிருந்து வருஷம் தவறாமல் அவர்களும் வந்தார்கள். அப்பாவுக்குத் தெரிந்த தெலுங்கு மொத்தம் பத்து வார்த்தை இருக்கும். அதை வைத்துக்கொண்டே அந்த அம்மாளை வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பார். "இன்னும் நாலு பேரு வந்தா என்ன, கம்மியாவா போயிடும்?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், "உங்கப்பாவுக்கு என்ன, உலை வெக்கறது நான்தானே" என்று அம்மா என்னைப் பார்த்துச் சொல்லுவாள். சொல்லிவிட்டு இன்னொரு படி அரிசி களைவாள். அத்தைகள் ஒவ்வொருத்தியின் நடையையும் அப்பா நடந்து காட்டுவார், சின்னப் பிள்ளைகளுக்கு மாவளி சுற்றக் கற்றுத் தருகிறேன் என்று கரித்தூள் மூட்டையைக் கயிற்றில் கட்டிச் சுழற்றி, தன் வேட்டியிலேயே பொறி பட்டு ஓட்டை போட்டுக்கொள்வார். அவர் இருக்கும் இடத்தில் யாரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார முடியாது. நானும் முயன்று பார்த்திருக்கிறேன்.

நான் ஆறாவது படித்த வருஷம் தீபத்தன்று விடியற்காலையில், மாடியைப் பெருக்கப் போன அப்பாவுக்குப் பின்னால் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நானும் போனேன். அவர் மேல்படியில் உட்கார்ந்திருந்தார். கார்த்திகைக் குளிரிலும் அவர் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இடது தோளை வலது கையால் அழுத்திப் பிடித்திருந்தார். அப்படி ஒரு முகத்தை அவருக்கு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் அதை அவசரமாக மாற்றிக்கொண்டு கண்ணடித்தார்.

"ஒண்ணுமில்ல பாப்பா, வாயுப் பிடிப்பு. அம்மாகிட்ட சொல்லிடாத. சொன்னா ஆஸ்பத்திரி அது இதுன்னு ஆரம்பிச்சுடுவா. வந்தவங்கல்லாம் மூட்டையத் தூக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. கூட்டம் கலஞ்சிடும்."

சரி என்று தலையாட்டினேன். பயம் இருந்தது. ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், பயத்தைவிடப் பெருமைதான் ஜாஸ்தியாக இருந்தது. நாற்பது பேர் இருக்கும் வீட்டில் அப்பா என்னிடம் மட்டும் ஒன்றைச் சொல்லியிருக்கிறார் என்ற பெருமை. அன்றைக்கு முழுக்க அதை வைத்துக்கொண்டே திரிந்தேன். மத்தியானம் அவர் சோடா கேட்டபோது ஓடிப்போய் வாங்கி வந்தேன். விரதம் இருக்கிறவர் சோடா குடிக்கிறாரே என்று அத்தை கேலி செய்தாள். அவரும் சிரித்தார். வழக்கமாகப் பொரி உருண்டை பிடிக்கும் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து வம்பளப்பவர் அன்று சுவரில் சாய்ந்தபடியே வம்பளந்தார். அந்த வித்தியாசத்தை நான் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தரை மணிக்கெல்லாம் எல்லோரும் மாடி ஏறிவிட்டோம். மலையில் தீபம் தெரிகிறவரைக்கும் எங்கள் ஊரில் வீட்டு விளக்கை ஏற்றமாட்டார்கள், வாயில் ஒரு பருக்கை போடமாட்டார்கள். அதனால் அந்த நேரத்தில் ஊரில் எந்த மாடியில் பார்த்தாலும் முதுகுகள்தான் தெரியும். வழக்கமாக முன்னால் நின்று குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொள்ளும் அப்பா, "நீங்க முன்னாடி போங்க, நான் இங்கிருந்தே பாக்கறேன்" என்று பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். உச்சியில் நெருப்பு எழுந்தது. ஊரே அரோகரா என்று கத்தியது, வெடிச் சத்தம் ஓயவே இல்லை. நாங்கள் அத்தனை பேரும் மலையைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றோம். எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அகல் ஏற்றத் திரும்பிய அத்தைதான் முதலில் பார்த்தாள். "என்னண்ணா, அதுக்குள்ள தூக்கமா?" என்று கேட்டுக்கொண்டே போய்த் தோளைத் தொட்டாள்.

தனியாக அரைமணி நேரம்கூட உட்காரத் தெரியாத மனுஷர், தானே கூட்டிவைத்த நாற்பது பேருக்கு நடுவில், ஒருத்தர் கண்ணிலும் படாமல் போனார்.

அந்த நாற்காலியோடுதான் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வண்டி எதுவும் வர வழியில்லை. ரோட்டை அடைத்துக்கொண்டு ஜனம் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பாவின் தம்பியான என் சித்தப்பாவும் இன்னும் மூன்று பேரும் ஆளுக்கொரு நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று அத்தனை ஜனத்துக்கும் எதிராக முண்டிக்கொண்டு போனார்கள். நடக்க முடியாத பக்தரைத் தூக்கிப் போகிறார்கள் என்று நினைத்துச் சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு அம்மாள் அவர் நெற்றியில் விபூதி பூசினாள். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பார்த்த டாக்டர், "காலையிலயே வலி வந்திருக்குமே, யாருமே கவனிக்கலையா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"தீபத்தன்னிக்குப் போனாரு, குடுத்து வச்சவரு" என்றார்கள், வந்தவர்கள் போனவர்கள் எல்லோரும். எனக்கு அவர்களை அடிக்க வேண்டும்போல இருந்தது. பண்டிகை நாளில் சாவு விழுந்த வீட்டில், அதே நாளில் அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறக்கிறவரைக்கும் அந்தப் பண்டிகை கிடையாது என்பது எங்கள் வழக்கம். எந்தப் பிள்ளையும் பிறக்கவில்லை. விளக்கு இல்லாத வீட்டுக்குத் தீபத்தன்று யார் வருவார்கள்? சித்தூர்த் தம்பதி மறு வருஷம் விஷயம் தெரியாமல் வந்து, வாசலில் அழுதுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அந்த நாளில் எங்கள் வீட்டுக்கு வருவது சித்தப்பா ஒருத்தர்தான். திதி முன்னே பின்னே விழுந்தாலும் தீபத்தன்றே அப்பாவுக்குப் படையல் போடுவோம், மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிடுவோம். நான் வளர்ந்து, வேலைக்குப் போய், வேலூரில் குடியேறிய பிறகும் அது நிற்கவில்லை. அந்தப் படியில் நான் தலையாட்டியதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவைக் கொன்றவள் நான் என்று இருபத்தைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் படையல் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, சித்தப்பா இலையில் கை வைக்காமல் அழ ஆரம்பித்தார்.

"அண்ணி, இதைச் சொல்லாம நான் போயிடக் கூடாது. அன்னிக்கி மத்தியானம் நெஞ்சைப் பிடிக்குதுடான்னு அண்ணன் எங்கிட்ட சொல்லிச்சு. அண்ணிகிட்ட சொல்லாத, கூட்டம் கலஞ்சிடும்னுச்சு. நானும் பேசாம இருந்துட்டேன்."

அம்மா சாம்பாரை ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைக்காமலேயே, "எனக்குத் தெரியும்" என்றாள். சித்தப்பாவுக்குத் தெரிந்திருந்தது தனக்கும் தெரியும் என்கிறாளோ என்று நினைத்தேன். அப்படியில்லை. "கோழி கூவறப்பவே எங்கிட்ட சொன்னாரு. புள்ள பயந்துக்கும், மூச்சு விடாதன்னாரு. சுக்குக் கஷாயம் வெச்சுக் குடுத்தேன்."

பிறகு நானும் சொன்னேன். கூட்டம் கலைந்துவிடும் என்று நானும் சித்தப்பாவும், பிள்ளை பயப்படும் என்று அம்மாவும் ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு பக்கம் வாயை மூடிக்கொண்டு அந்தப் பகலைக் கழித்திருக்கிறோம். ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அன்று மூன்று இலையிலும் சோறு அப்படியே கிடந்தது.

இப்போது எங்கள் சந்தில் மூன்று மாடி லாட்ஜுகள் வந்துவிட்டன. தீபத்துக்கு அவற்றின் மாடிகளில் வெளிநாட்டுக்காரர்களும் வெளியூர்க்காரர்களும் நிறைந்திருப்பார்கள். பக்கத்தில் நிற்கிறவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. வேங்கிக்காலில் அப்பாவின் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது.

போன வருஷம் தீபத்தன்று காலை எழுந்ததிலிருந்து எனக்கு இடது தோள் இழுத்துக்கொண்டிருந்தது. முதல் நாள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்த வலியாகத்தான் இருக்கும் என்று எனக்கே தெரியும். இருந்தாலும் அம்மாவிடம் சொன்னேன். அவள் படையலுக்கு நறுக்கிக்கொண்டிருந்த வாழைக்காயை அப்படியே போட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி ஒரு ஆட்டோவை மறித்தாள். ரோட்டில் இன்னும் கூட்டம் சேரவில்லை. டிரைவர் சந்து சந்தாகப் புகுந்து அதே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, சதைப் பிடிப்புதான், பயப்பட வேண்டாம் என்றார்கள்.

அம்மா அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் போனை வாங்கிச் சித்தப்பாவைக் கூப்பிட்டாள்.

"ஆட்டோல பத்து நிமிஷம்தான் ஆச்சுப்பா" என்றாள். "தீபத்தன்னிக்குக் காலையில, பத்தே நிமிஷம்."

சித்தப்பா போனை வைக்கவில்லை. அம்மாவும் வைக்கவில்லை.