மாடு தேடுகிறவர்

அறுபதுகளில் செஞ்சியில் மாடு தொலைந்தால் அவரைத்தான் கூப்பிடுவோம். ஒட்டிய கன்னம். தோளில் எப்போதும் கயிறு.

எங்கள் பசு கோட்டைமலைச் சரிவில் நின்றதைக் காட்டினார். "கண்டுபிடிச்சிட்டீங்களே!" என்றேன்.

"கண்டுட்டேன், அவ்ளோதான். கைல பிடிச்சாத்தான் கண்டுபிடிச்சது" என்று ஏறிப்போய்க் கயிறு போட்டார்.

இறங்கும்போது தானாகவே சொன்னார்: "ஓடிப்போன எம்மவன மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துல கண்டேன். கைய நீட்னா சிக்கிருப்பான். பிடிக்காம வந்துட்டேன்."

"ஏன்?"

"இன்னாத்துக்குன்னு தெரியல. மாடுன்னா கயிறு போட்டிருப்பேன்."

மறுவாரம் கடைத்தெருவில் அவர் மனைவி என்னை நிறுத்தினார். "உங்க பசுவக் கண்டுபிடிச்சாராமே. புள்ளைய மட்டும் இன்னும் கண்டுபிடிக்கலன்றாரு. நெசந்தானா?"

கணவர் கணக்கில் அது பொய்யில்லை. ஆனாலும், ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.