நான் வரைந்த கொக்கிகள்

கல்யாணமாகி இராமநாதபுரம் வந்த புதிதில் நான் பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. என் கணவர் பக்கத்துப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வலையை எடுத்துக்கொண்டு வாலிநோக்கம் பக்கத்துப் பனங்காட்டுக்குப் போய்விடுவார். பிடித்து வருவது பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சி. ஸ்கிப்பர் என்பார். பறப்பதைவிடத் துள்ளுவதுதான் அதிகம்; அழகென்று சொல்ல எதுவும் கிடையாது.

அது இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம் என்பது அவர் சந்தேகம். கட்டுரை எழுதப்போவதாகவும் படம் நான் போட வேண்டும் என்றும் சொன்னார். இறக்கைகளைப் புள்ளி பிசகாமல் வரைந்து கொடுத்தேன்.

"இது பத்தாது. எறக்கையப் பாத்தா ஏற்கெனவே பேரு வச்ச பூச்சி மாதிரியே இருக்கு. வித்தியாசம் உள்ளதான்" என்றபடி பூச்சியின் வயிற்று நுனியைக் கிள்ளி எடுத்தார். எனக்குத் திக்கென்றது. சதை கரைவதற்காக அதைக் காரக் கரைசலில் வேகவைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். பொன் நிறத்தில் வளைந்த கொக்கிகள், ஓரமெல்லாம் முள்.

"என்னங்க இது?"

"ஆண் பூச்சியோட உறுப்பு. இத வரையணும்."

தூக்கிவாரிப் போட்டது. "ஏங்க, நான் பொம்பளப்புள்ளைக படிக்கிற பள்ளிக்கூடத்து டீச்சருங்க!" என்று கத்திவிட்டு அடுக்களைக்குப் போனேன்.

அவர் வற்புறுத்தவில்லை. ஏற்கெனவே பெயர் வைத்த பூச்சியின் உறுப்பையும் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன். இரட்டைப் பிள்ளைகள்போல் இருந்த பூச்சிகளுக்கு உள்ளே துளி ஒற்றுமை இல்லை. அந்த அதிர்ச்சியில் வெட்கம் மறந்துபோனது. உட்கார்ந்து வரைந்தேன்.

கட்டுரை அச்சாகி வந்த சமயம் நயினார்கோவிலிலிருந்து என்னைப் பெற்ற அய்யா வந்திருந்தார். என் படத்தைப் பார்த்ததும் அவருக்குப் பூரிப்பு.

"என்ன பூ தாயி இது? சட்டம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டணும்."

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் உண்மையைச் சொல்லிவிட்டார். அய்யா தாளைக் கவிழ்த்து வைத்தார். முகம் இருண்டுவிட்டது.

"இதப் போயி எம்மகளையா வரையச் சொன்னீக, மாப்ள?"

நான்தான் சொன்னேன்: "எனக்கும் மொதல்ல உசுரே போயிருச்சு அய்யா. ஆனா ஒரே மாதிரி இருக்க ரெண்டு பூச்சியோடதையும் பக்கத்துல வச்சுப் பாத்தபெறகு வரையாம இருக்க முடியல. நீங்களும் ஒருக்கா மைக்ராஸ்கோப்புல பாருங்க."

வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தேன். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"இத்துணூண்டுக்குள்ளயா இம்புட்டு!" என்றார் குரல் இறங்கி. பிறகு, கண்ணை எடுக்காமலே, "அந்த இன்னொண்ணையும் வையுங்க, மாப்ள."