வெள்ளச்சியின் இடம்

நான் ஒரு சிறுமியின் படிப்பைத் திருடினேன். அவளைப் படிக்கவிடாமல் என் வீட்டில் நிறுத்திவிட்டு நான் போய்ப் படித்தேன். என்ன படித்தேன் தெரியுமா? குழந்தைகளையும் இளையோரையும் குடும்பங்களையும் காப்பாற்றுவது எப்படி என்கிற படிப்பு!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் எழுந்து போய்விடாதீர்கள். இதே சமூகப்பணிப் படிப்பில் சேர நினைக்கிறவராக நீங்கள் இருந்தால் கட்டாயம் உட்காருங்கள். என்னை எத்தனையோ மேடைகளில் ஏற்றிச் சால்வை போர்த்தியிருக்கிறார்கள். அங்கே ஒருமுறைகூட இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் சென்னையில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். களப்பணிக்காகக் கல்வராயன் மலைக்கு அனுப்பினார்கள். நைனார்பாளையத்துப் பெண் என்பதால் மலை எனக்குப் பக்கம் என்று ஆசிரியர்கள் நினைத்தார்கள். பக்கம்தான்... எங்கள் வயலில் நின்று பார்த்தால் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவரும் அதில் ஏறியதில்லை.

வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூரில்தான் வெள்ளச்சியைப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். அதற்கு மேல் படிக்க அங்கே பள்ளிக்கூடம் இல்லை. பலா மரத்தடியில் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து, கையில் குச்சியோடு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பார்த்த உடனே எனக்கு ஒரு பெருமிதம். எனக்கு ஒரு 'கேஸ்' கிடைத்துவிட்டது! ஆமாம், மனிதர்களை அப்படித்தான் அழைக்கப் பழக்கியிருந்தார்கள்.

அவள் அப்பா ஆண்டி, லேசில் சம்மதிக்கவில்லை. தாயில்லாத பெண். கள்ளக்குறிச்சியில் விடுதி இருக்கிறது, அங்கே தங்கிப் படிக்கலாம், இடம் வாங்கித் தருகிறேன் என்று நானும் விடாமல் அவர் வீட்டுக்கு நடந்தேன். கடைசியாக ஒருநாள் கொட்டாயில் சாமை புடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஹாஸ்டலு, கீஸ்டலு எல்லாம் எனக்குத் தெரியாது டீச்சரம்மா. ஒன்ன நம்பி அனுப்பறேன். நீயே கூட்டிக்கினு போய் உடு."

நான் டீச்சர் இல்லை என்று அவரிடம் திருத்திச் சொல்லவில்லை. அந்த அழைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

விடுதியில் சேர்ப்பதற்கு முன்னால் அவளுக்குப் பாவாடை சட்டை தைக்க வேண்டும் என்று எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மறுநாள் காலையில் ரோடெல்லாம் மரம். இட ஒதுக்கீட்டு மறியலுக்காகப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் லாரிகள் வரிசையாக நிற்கின்றன என்றார்கள். பஸ் இல்லை. என் அண்ணனும் கோடாலியை எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

அவர்கள் கேட்டது நியாயம். இப்போதும் அதைத்தான் சொல்வேன். காலம் காலமாக மண்ணைக் கிளறியவன் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் இல்லையென்றால் அவன் ரோட்டுக்கு வராமல் எங்கே போவான்? அதற்காகப் போலீஸ் அடியும் வாங்கினார்கள். அன்று மாலை அண்ணன் உள்ளங்கை கொப்புளித்துத் திரும்பி வந்தான். வெள்ளச்சி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் கையில் ஊற்றினாள்.

"நம்ம புள்ளைங்களுக்கும் படிப்புல எடம் குடுத்துத்தான் ஆவணும்! இன்னா, நான் சொல்றது?" என்று அவன் கத்தினான்.

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். ஊற்றியவள் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தக் காட்சியில் இருந்த அசிங்கம் அன்று எனக்கு உறைக்கவே இல்லை!

ரோடு திறந்ததும் விடுதியில் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்... ஆனால் அந்தச் சில நாட்களில் என்ன நடந்தது? பிரசவத்துக்கு வந்திருந்த என் அக்காவின் குழந்தை வெள்ளச்சியிடம் ஒட்டிக்கொண்டது. அவள் தூளியை ஆட்டினால்தான் தூங்கியது. அவளே குளிப்பாட்ட வெந்நீர் வைத்தாள், துணி அலசினாள், கேட்காமலே பாத்திரம் துலக்கினாள். அம்மாவுக்கு இடுப்பு வலி. உடம்பு தேறாத அக்கா. என் படிப்பை நிறுத்திவிடலாம் என்று அப்பா ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தார்.

ரோடு திறந்த அன்று அம்மா என்னைக் கொல்லைப்புறத்துக்குக் கூப்பிட்டாள்.

"தோ பாரு. இந்தப் பொண்ணு வூட்ல இருந்துச்சின்னா நீ காலேஜுக்குப் போ. ஒங்கப்பன்கிட்ட நான் பேசிக்கறேன். அது போயிடுச்சின்னா, நீ இரு. எங்களால முடியாது."

இவ்வளவுதான் பேரம். யாரும் என்னை மிரட்டவில்லை. கையைக் கட்டவில்லை. யோசிக்க நேரம் தருகிறேன் என்றுகூட அம்மா சொன்னாள். எனக்கு நேரம் தேவைப்படவில்லை! "சரிம்மா" என்றேன்.

அம்மாவின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? அவள் பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவள். குழந்தையின் உரிமை, குழந்தையின் நலன் என்று பக்கம் பக்கமாகப் படித்தவள் நான். ஒரு பிள்ளையின் நம்பிக்கையை எப்படிக் கட்டிக்காப்பது என்று பாடம் கேட்டவளும் நான்தானே?

வெள்ளச்சி தினமும் கேட்பாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி.

"ரோட்ல மரத்த எடுத்துட்டாங்களாக்கா?"

"இன்னும் இல்ல."

"பஸ்ஸு சத்தம் கேக்குதே?"

"அது சின்னசேலம் வரைக்குந்தான் போவுது. கள்ளக்குறிச்சிக்கு வுடல."

அவள் நம்பினாள். இல்லை... நம்பியது போல இருந்தாள் என்று இப்போது சந்தேகப்படுகிறேன். காதுள்ள பிள்ளைதானே? இந்தப் பக்கம் போகும் பஸ்களின் ஹாரனைக் கேட்டுக்கொண்டுதானே தூளி ஆட்டினாள்!

விடுதிக் காப்பாளர் ஆள் விட்டுக் கேட்டார். இடம் வைத்திருக்கிறேன், பெண் எங்கே என்று. அப்பாவுக்கு மனசு மாறிவிட்டது, அனுப்பமாட்டேன் என்கிறார் என்று சொல்லியனுப்பினேன். கூசாமல் பழியை அந்த மனிதரின் தலையில் கட்டினேன். அந்த இடம் வேறு யாருக்கோ போயிற்று.

நான் சென்னைக்குப் புறப்பட இருந்த நேரத்தில் ஆண்டி வந்துவிட்டார். மலையிலிருந்து நடந்தே வந்திருந்தார். மகளைப் பார்க்க விடுதிக்குப் போகவேண்டும், வழி தெரியாது, அதனால் என்னைத் தேடி வந்தேன் என்றார். தோளில் ஒரு மூட்டை. சாமை அரிசி. எங்களுக்குத்தான்! மகளைப் படிக்க வைக்கிறோமாம், அதற்கு.

வெள்ளச்சி அடுக்களைக்குள் இருந்தாள். எனக்குத் தெரியும். கதவு சாத்தியிருந்தது, அவ்வளவுதான்.

"ஹாஸ்டல் இன்னும் தெறக்கலங்க. மறுபடி மறியல் வரும்னு பேசிக்கறாங்க. தெறந்ததும் நானே கொண்டுபோய் வுட்டுடறேன். அதுவரைக்கும் எங்க வூட்ல இருக்கட்டும்."

சாலையோரத்தில் தள்ளியிருந்த மரங்கள் அப்போதும் காய்ந்து கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தவர் அவர். என் பொய்க்கு அந்த மரங்களே சாட்சி சொல்லிவிட்டன.

"ஆமா ஆமா, வழியெல்லாம் கெடக்குது, பாத்தேன்" என்றார். "ஒங்க வூட்ல கீறான்னா எனக்கு இன்னா கவல?"

பிறகுதான் அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்தபடி அப்பாவின் பக்கத்தில் நின்றாள். நான் சொன்னது அத்தனையும் அவள் காதில் விழுந்திருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அகப்பட்டிருப்பேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் குழந்தையை வாங்கிக்கொண்டு கொஞ்சுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் மரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அந்தச் சாமையை எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. கோழிக்குப் போட்டார்கள். போட்டவள் வெள்ளச்சி.

வாய்மொழித் தேர்வில், வெள்ளச்சியைப் பற்றி நான் எழுதிக் கொடுத்திருந்த களப்பணி அறிக்கையைப் புரட்டிக்கொண்டே பேராசிரியர் கேட்டார்: "நல்லா பண்ணியிருக்கம்மா. அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?"

"ஹாஸ்டல்ல சார். நல்லா படிக்கிறா."

முதல் மதிப்பெண் எனக்கு! ஒருவர்கூட நேரில் போய்ப் பார்க்கவில்லை. ஒரு கேள்வியோடு முடித்துக்கொண்டார்கள். பொய் சொன்ன எனக்குக் கோபப்பட என்ன உரிமை என்பீர்கள். இருந்தாலும் கோபப்படுகிறேன். மலைக்காரப் பெண் ஒருத்தி எங்கே போனால் என்ன என்று அத்தனை பேரும் இருந்ததால்தானே என் பொய் நின்றது?

அக்காவின் குழந்தை நடக்கப் பழகியது, ஓடப் பழகியது. நான் பட்டம் வாங்கினேன், வேலையும் வாங்கினேன். ஒருநாள் ஆண்டி வந்து மகளை அழைத்துக்கொண்டு போனார். எதுவும் கேட்கவில்லை. மகள் சொல்லியிருப்பாள். அம்மா அவளுக்கு ஒரு பழைய புடவை கொடுத்து, "எங்க வூட்டுப் பொண்ணு மாதிரிதான் வெச்சிருந்தோம்" என்றாள்.

பல வருஷம் கழித்து, வீட்டு வேலைக்கு வைத்திருந்த ஒரு சிறுமியை மீட்கப் போனபோது, அந்த வீட்டு அம்மாள் இதே வார்த்தைகளை என்னிடம் சொன்னாள். நான் அவளை என்ன கேள்வி கேட்டேன் தெரியுமா! குரல் உயர்த்தி, தெருவே கூடும்படி... அவள்மீது வழக்கும் போட்டேன். என்மீது போட யாரும் வரவில்லை.

போன முறை மலைக்குப் போனது, படிப்பை விட்ட பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் வேலைக்காக. இப்போது தார் ரோடு, ஜீப் மேலே வரைக்கும் போகிறது. ஒரு வீட்டு வாசலில் வெள்ளச்சி நின்றாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் அவள் மகள், ஏறக்குறைய அன்றைக்கு அவள் இருந்த அதே வயசு. என்னை அடையாளம் கண்டுகொண்டாள். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். உடன் வந்த ஊழியர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். வாயில் வந்தது வேறு.

"பொண்ண கள்ளக்குறிச்சி ஹாஸ்டல்ல சேத்துடலாம் வெள்ளச்சி. நானே ஜீப்ல கூட்டிக்கினு போய் வுட்டுடறேன்."

அதே வார்த்தைகள்! பாவி, எனக்கு வேறு வார்த்தையே தெரியாதா?

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"படிக்க வெப்பேங்க. கண்டிப்பா படிக்க வெப்பேன். ஒங்க வண்டியில வேணாம். நானே கூட்டிக்கினு போய் உடறேன்."

அக்கா என்று சொல்லவில்லை. மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அன்று காலையிலேயே இறங்க ஆரம்பித்தாள். நாங்கள் திரும்பும்போது தாயும் மகளும் ரோட்டோரம் நடந்துகொண்டிருந்தார்கள். டிரைவர் வேகத்தைக் குறைத்து, ஏற்றிக்கொள்ளலாமா என்று என்னைப் பார்த்தார்.

ரோட்டின் குறுக்கே ஒரு மரமும் இல்லை. வெள்ளச்சி ஜீப்பைப் பார்த்ததும் மகளைத் தன் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.