தட்டாமல் விட்ட இடம்

ஆரணி கொசப்பாளையத்தில் ஒரு வீட்டுத் தரை மீன் தொட்டியை அப்படியே விழுங்கிவிட்டதாம். தொட்டியோடு நாற்பது மீனும் உள்ளே போயிற்றாம். பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் காலில் பதினாறு தையலாம்.

காத்தவராயன் மேஸ்திரிக்கு இந்தச் செய்தி சலூன் நாற்காலியில், முகம் நிறைய சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தபோது வந்தது. சொன்னவர் பச்சையப்பன், சவரக்கத்தி அவர் கையில் இருந்தது. அவருக்குச் சொன்னவர் பால்காரர். பால்காரரோ அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே போனதில்லை.

"பூமி வாயைத் தொறந்துச்சாம் மேஸ்திரி. தணிகாசலத்துக்கிட்டருந்து அந்த மஸ்கட்காரரு வாங்கினாரே, அந்த வூடு. நீதானே பாத்து சொன்ன?"

கத்தி சரியாகத் தொண்டைக்குழிக்கு வந்திருந்தது. வாயைத் திறக்க முடியாத நேரத்தில் கேள்வி வந்ததே என்று காத்தவராயன் ஆறுதல் பட்டார்.

"இப்ப எல்லாரும் மீன்தொட்டி வேலுவைப் புடிச்சிகினு கீறாங்க. ஸ்டாண்டு சரியில்லன்னு. பாவம், புள்ளகுட்டிக்காரன். நீ ஒரு வார்த்தை சொன்னா ஊரு கேக்கும்," என்றார் பச்சையப்பன். "ஆடாத மேஸ்திரி. ரத்தம் வந்துடும்."

அவர் சொன்னது உண்மைதான். காத்தவராயன் சொன்னால் ஊர் கேட்கும்.

சேத்துப்பட்டுப் பக்கத்தில் பிறந்து, பதினேழு வயதில் ஆரணிக்குச் செங்கல் சுமக்க வந்தவர் அவர். முப்பதில் கொத்துக்கரண்டி பிடித்தார். நாற்பதில் மேஸ்திரி ஆனார். வீடு கட்டுகிற மேஸ்திரிகளுக்கு ஆரணியில் பஞ்சமில்லை. கட்டின வீட்டைப் பார்த்துச் சொல்கிறவர் அவர் ஒருத்தர்தான். பழைய வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்க்க வக்கீலிடம் போவார்கள், வாசலைப் பார்க்க வாஸ்துக்காரரிடம் போவார்கள். வீட்டைப் பார்க்க இவரைக் கூப்பிடுவார்கள்.

புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வீடு என்றால் அவருக்கு முதலிலேயே சந்தேகம் வந்துவிடும். "பொண்ணு பாக்க வரும்போது பவுடர் பூசாத வூடு எங்க கீது?" என்பார். உள்ளே நுழைந்ததும் காலண்டர்களைத் தூக்கிப் பின்னால் பார்ப்பார். பாதி வீடுகளில் காலண்டர் தொங்குவது தேதி பார்க்க அல்ல, விரிசலை மறைக்க என்பது அவர் கண்டறிந்த உண்மை. மொட்டை மாடியில் நாலு குடம் தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டு, தெருமுனையில் நிதானமாக டீ குடித்துவிட்டு வந்து, அதற்கப்புறம்தான் கூரையை அண்ணாந்து பார்ப்பார். எல்லாக் கதவையும் சாத்தித் திறப்பார். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவார். கோடையில் வீடு பார்க்கிறவனை அவருக்குப் பிடிக்காது. ஐப்பசி மழையில் குடையோடு போய்ப் பார், வீடே உன்னிடம் பேசும் என்பார்.

கடைசியாகத் தரை. கரண்டியைத் திருப்பிப் பிடித்து, மரப்பிடியால் தட்டிக்கொண்டே குந்தியபடி நகர்வார். நிறைந்த தரை 'தக்' என்னும். உள்ளே காலியான தரை 'டொப்' என்னும்.

தரையைத் தட்ட ஆரணியில் ஒரு காரணம் உண்டு. இங்கே பழைய வீடு வாங்கும் உள்ளூர்க்காரர் எவரும் விலை கேட்பதற்கு முன் கேட்கிற கேள்வி, "தறிக்குழி எங்க இருந்தது?" என்பதுதான். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்க, வெளிச்சம் விழும் ஜன்னலோரம் இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குழி இருக்கும். தறியைக் கழற்றின பிறகு அதை மூடி, மேலே மொசைக் போட்டுவிட்டால் குழி இருந்ததே தெரியாது. எதைப் போட்டு மூடினார்கள் என்பதில்தான் விஷயம். அரையடி மண் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இடித்து, அதன்மேல் அடுத்த அரையடி கொட்ட வேண்டும். ஒழுங்காகச் செய்தால் இரண்டு நாள் வேலை.

தணிகாசலம் வீட்டில் அதை ஒரே நாளில் செய்தார் காத்தவராயன். வருஷம் தொண்ணூற்று மூன்று. தணிகாசலம் ஊருக்கு வெளியே பவர்லூம் கொட்டகை போட்டுவிட்டு, வீட்டுத் தறியைக் கழற்றியிருந்தார். குழியை மூட ஆரம்பித்தால் அன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் மூடி முடித்துவிட வேண்டும், பாதியில் நிற்கும் குழியோடு விளக்கேற்றினால் வீட்டுக்கு ஆகாது என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். காலையில் வந்த ஒரு வண்டி மண் குழியில் கால்வாசிக்குத்தான் ஆயிற்று. மீதி மண்ணோடு வந்த வண்டி ஆற்றங்கரையில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. மணி நாலரை. தணிகாசலத்தின் மனைவி விளக்கைத் துடைத்துத் திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

தெருவில் களம்பூர் அரிசி மில்லிலிருந்து செங்கல் சூளைக்குப் போகிற உமிச் சாம்பல் வண்டி ஒன்று நின்றிருந்தது.

மூட்டை மூட்டையாகச் சாம்பலைக் கொட்டினார். மேலே நாலு அங்குலத்துக்கு ஜல்லி போட்டுப் பூசினார். விளக்கு வைப்பதற்குள் தரை மட்டமாகிவிட்டது. வீட்டார் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நாளை காலையில் வந்து தோண்டி மாற்றிவிடலாம் என்று அவர் நினைத்தது பொய்யில்லை. ஆனால் காலையில் வந்தபோது மொசைக்காரர்கள் வேலையில் இறங்கியிருந்தார்கள். அவர் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

பதினோரு வருஷம் அந்தத் தரையின்மேல் ஒரு பாயும் ஒரு தையல் மிஷினும்தான் இருந்தன. தரை பொறுத்துக்கொண்டது.

இரண்டாயிரத்து நாலில் தணிகாசலம் வீட்டை விற்றுவிட்டு மெட்ராஸ் போக முடிவு செய்தார். வாங்க வந்தவர் ராஜ்குமார். கலசப்பாக்கத்துக்காரர், மஸ்கட்டில் எலக்ட்ரீஷியன். அவர் தங்கை ஹேமலதாவுக்கு ஆரணியில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. விவசாயக் குடும்பம், தறிக்குழி என்று ஒன்று உண்டென்றே அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் தெரிந்தவராகப் பார்த்து காத்தவராயனைப் பிடித்தார்கள். முகவரியைக் கேட்டதுமே, எனக்கு உடம்பு சரியில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று ஊர் கேட்கும். போனார்.

ஹேமலதா டீச்சர் நோட்டும் பேனாவுமாக அவர் பின்னாலேயே வந்தாள். மஸ்கட்டிலிருந்து ராஜ்குமார் ஒரு கேள்விப் பட்டியலே கொடுத்திருந்தார். கரையான் உண்டா? அடுத்த வீட்டு மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? பின்கதவுக்கு எத்தனை தாழ்ப்பாள்? கண்ணால் பார்க்க முடியாதவன் காதால் தடவித் தடவிக் கேட்கிற கேள்விகள். காத்தவராயன் ஒவ்வொன்றுக்கும் உண்மையாகவே பதில் சொன்னார். சமையலறைச் சுவரில் ஓதம் இருப்பதைக் காட்டினார். மாடிப் படியில் ஒரு கம்பி துருப்பிடித்ததைக் காட்டினார். அதெல்லாம் சொன்னதே ஜன்னலோரத்தை ஈடுகட்டத்தான் என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

கூடத்தில் குந்தித் தட்டிக்கொண்டே வந்தார். தக். தக். தக். ஜன்னல் பக்கம் வந்ததும் எழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"அந்த மூலை மட்டும் தட்டலியே மேஸ்திரி?" என்றாள் டீச்சர்.

"தட்டிட்டேம்மா. நீங்க எழுதிகினு இருந்தீங்க, கவனிக்கல."

"அப்படியா? சாரி," என்று சொல்லி அவள் குனிந்து எழுதிக்கொண்டாள்.

அந்த 'சாரி' அன்று ராத்திரி சாப்பாட்டை இறங்கவிடவில்லை. அவர் மனைவி கெங்கம்மாள், "இன்னா, போன வூட்ல பிரியாணியா? என் ரசத்தை மூஞ்ச சுளிச்சிகினு பாக்கற?" என்று கேட்டாள்.

வீட்டுக் கிரயம் முடிந்த பிறகு ராஜ்குமார் லீவில் வந்தபோது மேஸ்திரிக்கு ஒரு செல்போன் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்க இல்லன்னா நான் அங்க நிம்மதியா தூங்கியிருக்க மாட்டேண்ணா," என்றார். அந்தப் போனைப் பார்த்து வியந்தது தெரு முழுக்க. காத்தவராயனுக்கு மட்டும் அது சட்டைப் பையில் ஒரு செங்கல் மாதிரி கனத்தது. பேசுவதற்கு ஒரு ஏற்பாடும் உண்டு. இரண்டு மணி அடிக்கவிட்டு வெட்டிவிட வேண்டும். மிஸ்டு கால் பார்த்து ராஜ்குமார் அங்கிருந்து கூப்பிடுவார். "உங்க காசு போக வாணாம்ணா."

ஒரு தடவை அவரே கூப்பிட்டுக் கேட்டார். "வீட்டுக்கு நாலடி மீன் தொட்டி வாங்கலாம்னு இருக்கேன். தங்கச்சி பொண்ணு ஆசைப்படுது. தண்ணியோட முந்நூறு கிலோ வருமாம். எங்க வெக்கலாம்?"

குழியைப் பற்றிச் சொல்ல இதைவிட நல்ல சமயம் காத்தவராயனுக்கு இனி வராது.

"ஜன்னல் பக்கம் மட்டும் வாணாம் தம்பி. வெயில் பட்டா தண்ணியில பாசி புடிக்கும்."

உண்மைதான். வெயில் பட்டால் பாசி பிடிக்கும். ஒரு உண்மையை வைத்து இன்னொன்றை மூடிவிட்ட திருப்தியில் அவர் அதற்குப் பிறகு ஆறு மாதம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

பாதி முகம் மழித்ததும் மழிக்காததுமாகச் சலூனிலிருந்து வீடு வந்தபோது கெங்கம்மாள் போன் கிடந்த இடத்தைக் காட்டினாள். "காலைலருந்து இந்தப் பொட்டி கத்திகினே கீது. வெளிநாட்டு நம்பரு. எடுத்தா வெடிச்சுடும்னு நான் தொடல."

ஏழு அழைப்புகள். காத்தவராயன் கரண்டியைக்கூட எடுக்காமல் கிளம்பினார்.

தரை எதையும் விழுங்கவில்லை. மழையில் ஊறி, உள்ளேயிருந்த சாம்பல் அமுங்கி, ஸ்டாண்டின் ஒரு கால் மட்டும் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. தொட்டி சாய்ந்து உடைந்திருந்தது. செத்தவை ஒன்பது மீன்கள். டீச்சரின் மகள் பானுப்ரியா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், இரண்டு தையல். பதினாறு இல்லை, இரண்டு என்று ஒரு நொடி மனசு லேசானது. லேசானதற்காக உடனே கூசிப்போனார்.

தொட்டியைச் செய்து கொடுத்த வேலு ஈரத் தரையில் குந்தி, கூழாங்கற்களைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் எழுந்தான்.

"வந்துட்டியா மேஸ்திரி. நீயே சொல்லு. மோட்டாருக்கு ப்ளக்கு இங்கதான் கீது, அதான் ஜன்னல்கிட்ட வெச்சேன். ஸ்டாண்டுல ஒரு வெல்டு வுட்டிருக்குதா பாரு. காலைலருந்து எல்லாரும் என்னியே பாக்கறாங்க."

"அண்ணன்கூட வேலுவைத்தான் திட்டினார்," என்றாள் ஹேமலதா. குரலில் கோபம் இல்லை, களைப்புதான். "அப்புறம், மேஸ்திரி வந்து பாக்கட்டும், அவர் சொன்னா சரின்னுட்டார்."

காத்தவராயன் மண்டியிட்டார். உடைந்த மொசைக்குக் கீழே கையை விட்டார். விரல்கள் கறுப்பாக, குழைவாக வெளியே வந்தன.

"என்னங்க அது, சேறா?"

"சாம்பல். உமிச் சாம்பல்."

"வீட்டுக்குள்ள சாம்பல் எப்படி வந்தது?"

ஒரு வார்த்தை போதும். தணிகாசலம் மெட்ராஸில் இருக்கிறார். யார் போட்டதோ என்றால் முடிந்தது. வேலுவும் தப்பித்துவிடுவான். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. நிமிர்ந்தபோது எதிரே வேலு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான், டாக்டரின் வாயைப் பார்ப்பதுபோல. கட்டிலில் அந்தப் பெண் கட்டுப்போட்ட காலை மெல்ல நகர்த்தி வைத்தாள்.

"நான்தாம்மா போட்டேன்," என்றார் காத்தவராயன். "பன்னெண்டு வருஷம் ஆச்சு. இங்க தறிக்குழி இருந்துச்சு. மண்ணு வரல. சாம்பலைக் கொட்டி மூடிட்டேன். வேலு மேல தப்பு இல்ல."

வேலு வாளியைக் கீழே வைத்தான். "அடப்பாவி மேஸ்திரி," என்றான், மெதுவாக. திட்டினதாகவே இல்லை அது.

ஹேமலதா உள்ளே போனாள். வரும்போது பழைய நோட்டு கையில் இருந்தது. பக்கத்தைப் புரட்டி, வகுப்பில் படிப்பதுபோலப் படித்தாள். "'ஹால். தரை முழுவதும் தட்டிப் பார்த்தார். ஜன்னல் மூலை உட்பட. நன்றாக உள்ளது.' அன்னைக்கு நான் சாரி சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்குதும்மா."

"தட்டவே இல்லையா?"

"இல்ல."

அவள் நோட்டை மூடினாள். "திருப்பிக் கட்டித் தரேன், மண்ணு போட்டுத் தரேன்னு ஏதாவது சொல்லிடாதீங்க. இப்ப அதைக் கேக்க முடியாது என்னால."

அவர் அதைத்தான் சொல்ல வாயெடுத்திருந்தார். மூடிக்கொண்டார்.

"அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். அவர் என்னைக் கேட்டு வீடு வாங்கல. உங்களைக் கேட்டு வாங்கினார். நீங்களே சொல்லுங்க."

காத்தவராயன் வாசலுக்கு வந்தார். சாம்பல் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். எண்ணை அழுத்தினார். பொத்தான்களில் கறுப்புப் படிந்தது. பத்து நாள் முன்பு ரீசார்ஜ் கார்டு போட்டது; ஒரு நிமிஷமாவது பேச வரும். ஒரு நிமிஷத்தில் எதை முதலில் சொல்வது? சாம்பலையா, தட்டாததையா, பாசியையா?

முதல் மணி. இரண்டாவது மணி.

பழக்கத்தில் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் போய்விட்டது. வெட்டினால் அவர் கூப்பிடுவார். அவர் காசில், அவரே கூப்பிட்டு, 'சொல்லுங்கண்ணா' என்று அவரே ஆரம்பித்து இதைக் கேட்க வேண்டியிருக்கும். விரலை எடுத்தார்.

மூன்றாவது மணி. இத்தனை நாளில் மூன்றாவது மணியை அவர் கேட்டதே இல்லை.

உள்ளே வேலு மறுபடி கற்களைப் பொறுக்கத் தொடங்கிவிட்டான். வாளியில் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது. நிலைக்குப் பின்னால் ஹேமலதா நிற்பது, திரும்பிப் பார்க்காமலே முதுகில் தெரிந்தது. காத்தவராயன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். நான்கு. ஐந்து. அங்கே யாரும் எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டிருந்தது.