வடிகட்டியின் வயிறு

கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் ஜூஸ் கடை வைத்திருந்தவருக்குத் தெருவே கூடி வைத்த பெயர் வடிகட்டி. அவருக்கு அதில் பெருமைதான். கொய்யாவோ ஆரஞ்சோ கேரட்டோ, எதை அரைத்தாலும் முதலில் கம்பி வலை, அப்புறம் நைலான் வலை, கடைசியில் வெள்ளைத் துணி என்று மூன்று முறை வடிகட்டித்தான் டம்ளரில் ஊற்றுவார். குடிப்பவர் நாக்கில் ஒரு நார் தட்டுப்பட்டால் போதும், குடும்ப மானமே கப்பலேறிவிட்டதாக நினைத்து வேறு டம்ளர் போட்டுக் கொடுப்பார். மிஞ்சும் சக்கையெல்லாம் வாளிக்குப் போகும். சாயங்காலம் ஆட்டுக்காரர் வந்து வாளியைத் தூக்கிக்கொண்டு போவார். அந்த ஆடுகளுக்கு ஒரு நாளும் மலச்சிக்கல் வந்ததில்லை. வடிகட்டிக்கு அது வந்து எட்டு வருஷம் ஆகிறது.

அலமாரி அளவே இருந்த அந்தக் கடையில் மிக்சிக்கும் பழக்கூடைக்கும் இடம் இருந்தது, கழிப்பறைக்கு மட்டும் இல்லை. பக்கத்து மருந்துக்கடையின் பின்னால் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அதன் சாவியைத்தான் இவரும் உரிமையோடு எடுத்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கடை நிறைய ஆள் நிற்கும்போது, மருந்துக்கடைக்காரர் சும்மா இருக்க முடியாமல், "சத்தெல்லாம் வாளிக்குப் போகுது, சனங்களுக்குச் சர்க்கரைத் தண்ணி கிடைக்குது" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை முறிந்தது. பேதி மாத்திரை வாங்கக்கூட வடிகட்டி நாலு தெரு தாண்டித்தான் போவார். வீம்புக்கு நடக்கிற நடை உடம்புக்கு நல்லது என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

கடைசியில் மாத்திரையும் கைவிட்டது. உட்கார்ந்தால் வலி, எழுந்தால் ரத்தம் என்று ஆனபோது மனைவி அவரை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனார்.

"ஆறு வாரம் டைம் தர்றேன். கீரை, பயறு, காய், தோலோட பழம்னு நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. அப்பவும் சரியாகலைன்னா மூலத்துக்கு ஆபரேஷன்தான்" என்றார் டாக்டரம்மா.

வடிகட்டி நாளெல்லாம் கையில் கத்தியோடு நிற்கிற மனுஷன்தான். ஆனால் கத்தி தன் பக்கம் திரும்பும் என்று அவர் நினைத்ததே இல்லை. நிஜமாகவே பயந்துபோனார்.

பயந்தவர் மனைவி பேச்சைக் கேட்டிருக்கலாம். அந்தம்மா சமையலறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, முதல் வாரம் ஒரு கிண்ணம் பயறு, அடுத்த வாரம் கூடவே கீரை என்று அழகாக எழுதியும் வைத்திருந்தார். "வாளி வாளியா நார்ச்சத்தைக் கையில வெச்சுக்கிட்டு நான் ஏன் கிண்ணத்துல அளக்கணும்?" என்று கேட்டார் வடிகட்டி. காலையில் ஒரு சட்டி சக்கை, சாயங்காலம் ஒரு சட்டி. முகத்தைச் சுளித்துக்கொண்டு மென்றார். நாலாம் நாள் ஆட்டுக்காரர் வாளியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, பாதிதான் இருக்கு? வேற யாராவது ஆடு வளர்க்குறாங்களா?" என்று கேட்டார். வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு, வியாபாரம் மந்தம் என்று சொல்லிச் சமாளித்தார்.

பத்து நாளில் வயிறு மத்தளமாக உப்பி, வலி இரண்டு மடங்கானது. மறுபடியும் டாக்டரம்மா. சக்கை தின்ற கதையையும் சுவரில் ஒட்டிய தாளையும் மனைவி ஒன்றுவிடாமல் சொன்னார்.

"தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?"

வடிகட்டி கூரையைப் பார்த்தார். மனைவி விடவில்லை. "கடையைத் திறந்தா மூடுற வரைக்கும் ஒரு சொட்டு குடிக்க மாட்டார், டாக்டர். குடிச்சா போக இடம் இல்லையாம்."

"பக்கத்துல எங்கேயும் இல்லையா?"

"இருக்கு. பேசுறதுதான் இல்ல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "தண்ணியில்லாம இவ்வளவு சக்கையைத் தின்னா உள்ளே அடைச்சுக்காம என்ன செய்யும்? சக்கையை விடுங்க, அந்தத் தாள்ல இருக்கிறபடி சாப்பிடுங்க. நாள் முழுக்கத் தண்ணி குடிங்க. இல்லேன்னா இப்பவே ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சிடறேன்."

தினம் இருநூறு டம்ளர் நீட்டுகிறவர், தனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் ஒன்பது வருஷம் ஓட்டியிருக்கிறார். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

மறுநாள் பதினோரு மணிக்குள் மூன்று டம்ளர் குடித்தார். பதினொன்றரைக்குக் கால் மேல் கால் பின்னிக்கொண்டு நின்றார். பன்னிரண்டுக்கு மானம் மரியாதை எல்லாம் இரண்டாம்பட்சமாகிவிட்டது. மருந்துக்கடை வாசலில் போய் நின்று, "சாவி..." என்றார். மருந்துக்கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே ஆணியைக் காட்டினார். சாவி அதே ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷமாக எட்டடி தூரத்தில். வடிகட்டிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. ஆனால் அதற்கு அப்போது நேரமில்லை.

அதன் பிறகு சுவர்த்தாளில் இருந்தபடி பயறு, கீரை, தோலோடு கொய்யா, வேளாவேளைக்குத் தண்ணீர், நாளுக்கு மூன்று முறை சாவி. ஆறாவது வாரம் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "ஆபரேஷன் வேண்டாம்" என்றார். வடிகட்டி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கியதை மறைக்கக்கூட இல்லை.

நேராகக் கடைக்கு வந்தார். நல்ல கொய்யாவாகப் பார்த்து அரைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக வடிகட்டாமல் அப்படியே டம்ளரில் ஊற்றி, மருந்துக்கடைக்குக் கொண்டுபோனார். அங்கே நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். இருந்தால் இருக்கட்டும் என்று வாயைத் திறந்தார்.

"அன்னைக்கு நீங்க சொன்னதுதாண்ணே சரி. சத்து வாளியிலதான் இருந்துச்சு. இந்தாங்க, சக்கையோட."

மருந்துக்கடைக்காரருக்கு முகமெல்லாம் பூரிப்பு. நிற்கிறவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். அப்படியே நின்றார். நாக்கில் இருந்து எதையோ இரண்டு விரலால் எடுத்தார்.

"என்னண்ணே இது, நார் நாரா மாட்டுது? வடிகட்டிக் குடுங்க."

வடிகட்டி கடைக்குப் போய், வாடிக்கைக்குக் குறை வைக்காமல் இன்னொரு டம்ளர் போட்டு, மூன்று முறை வடிகட்டிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அவர் வேண்டாம் என்ற டம்ளரைத் தான் எடுத்து, சக்கையோடு மென்று குடித்து முடித்தார். மேலே ஒரு டம்ளர் தண்ணீரும் குடித்துவிட்டு, ஆணியில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.